கேளுங்க சொல்றேன்: ஓட்டைப் பானையும் வட்டிக் கணக்கும்

கிராமத்துப் படங்கள் வறுமையைக் காட்டுகின்றன, அது எங்கிருந்து வந்தது என்று சொல்வதில்லை என்று போன இதழில் நான் போகிற போக்கில் எழுதிய ஒரே ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு இருந்தவனை நிறுத்தி வைத்துக்கூட ஒருத்தர் சண்டை போட்டார். அதனால் இந்தத் தடவை எல்லாக் கேள்வியும் அதைப் பற்றியே.

வெளிநாட்டு விருதுக்காக நம் கிராமத்து வறுமையைப் படம் பிடித்து விற்கிறார்களே, நாட்டுக்கு அவமானம் இல்லையா?
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், செம்பூர்

நாற்பது வருஷத்துக்கும் மேலான சண்டை சார் இது. 1980-இல் இந்தி நடிகை நர்கிஸ் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் மேல் வைத்த குற்றச்சாட்டும் இதுதான், நம் வறுமையை ஏற்றுமதி செய்கிறார் என்று. வேடிக்கை என்னவென்றால், 1957-இல் 'மதர் இந்தியா' இந்திப் படத்தில் மாடு இல்லாமல் தானே ஏர் இழுத்த அம்மாவாக நடித்தவர் அவர். அந்தப் படமும் ஆஸ்கர் வரைக்கும் போனதுதான். அதில் கலர் இருந்தது, பாட்டு இருந்தது, யாருக்கும் அவமானமாகப் படவில்லை.

வறுமையைக் காட்டலாமா கூடாதா என்று நான் கேட்பதே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று படம் சொல்கிறதா என்றுதான் பார்ப்பேன். 'மதர் இந்தியா' சொல்கிறது: 500 ரூபாய் கடனுக்கு வட்டி, விளைச்சலில் முக்கால் பங்கு, அதுவும் ஊர்ப் பெரியவர்கள் தீர்ப்போடு. பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' (1953) இதைவிடக் கறார். ஜமீன்தாருக்குத் தர வேண்டியது 65 ரூபாய்தானே என்று சம்பு என்கிற விவசாயி வீட்டுச் சாமான், பெண்டாட்டி கம்மல் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டு போய் நின்றால், அங்கே ஏட்டில் 235 என்று இருக்கிறது. அவன் நிலம் ரெண்டே பீகா, வங்காளத்து பீகா கணக்கில் ஒரு ஏக்கர்கூட வராது, அதற்குத்தான் இத்தனை பாடு. வங்கியில் இருந்தவர் நீங்கள், ஒரு ஏட்டில் என்னவெல்லாம் செய்யலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்ப் படத்தில் கிராமம் என்றால் ஒன்று திருவிழா, வெள்ளை வேட்டி, அருவா. இல்லாவிட்டால் கிழிந்த சேலை, அழுகை. தாத்தா ஊர் திருநெல்வேலிப் பக்கம், லீவுக்குப் போனால் நான் பார்ப்பது ரெண்டுமே இல்லை. ஏன் இப்படி?
கல்லூரி மாணவர், தாராவி

முதலில் அந்தக் குடிசை செட்டைச் சொல்கிறேன், எனக்கு ரொம்ப நாளாக அதன் மேல் கோபம். ஏழை வீடு என்றதும் ஆர்ட் டைரக்டர் நாலு பானையை உடைத்து மூலையில் போட்டுவிடுகிறார். என் பெரியம்மா வீட்டில் உடைந்த பானை மூலையில் கிடந்து நான் பார்த்ததில்லை, வாய் உடைந்ததில் புளி இருக்கும், அடி போனதில் செடி இருக்கும். குடங்கள் வரிசையாகத் தேய்த்து வைத்திருக்கும். ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கும், அதற்குள் பாலிதீன் கவரில் ரேஷன் கார்டு, அதோடு நாலாய் மடித்த அடகு ரசீது. வீட்டின் வறுமை மொத்தமும் அந்த ரசீதில்தான் இருந்தது. அதை க்ளோசப்பில் காட்ட ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை, வயலின் வாசிக்க மட்டும் தோன்றுகிறது.

இன்னொன்று சாதி. பல வருஷமாக நம் படங்களில் ஏழை இருப்பான், அவன் எந்தத் தெரு என்று இருக்காது. வானம் பொய்த்தது, விதி, அவ்வளவுதான். மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) பார்த்திருப்பீர்கள். பொடியன்குளத்துக்கு பஸ் நிறுத்தம் இல்லை. காரணம் மழை பெய்யாதது அல்ல, சாதி பார்த்து நிறுத்த விடாததுதான். பஸ் நிற்காவிட்டால் காலேஜ் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, அப்புறம் அந்த ஊர் ஏழை ஊர் ஆகாமல் என்ன ஆகும்?

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) அவசியம் பாருங்கள். மூட்டை சுமந்தே ஆயுசைக் கழிக்கிற ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அது மட்டும்தான் ஆசை. எப்படியோ வாங்கியும் விடுகிறான். அப்புறம் உரக்கடன், விதைக்கடன், நிலம் போகிறது. கடைசியில் அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு அவன் செக்யூரிட்டி. 'தோ பீகா ஜமீன்' முடிவில் சம்பு தன் நிலத்தில் எழும்பும் ஆலைக்கு வெளியே நின்று ஒரு பிடி மண் எடுப்பான், காவலாளி அதையும் கீழே போட வைப்பான். 65 வருஷத்தில் ஆன முன்னேற்றம், அந்தக் காவலாளி வேலையாவது நமக்குக் கிடைத்திருக்கிறது.

தாத்தா இருந்தால் ஏன் பம்பாய்க்கு ரயில் ஏறினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மழை இல்லை என்பார். இன்னும் ரெண்டு தடவை கேளுங்கள்.

பட்டினி கிடக்கிற ஹீரோவுக்கு சிக்ஸ் பேக் எப்படி வருகிறது?
ஆட்டோ ஓட்டுநர், பாண்டுப்

கேரவனில் வேகவைத்த கோழி வருகிறது. ஆனால் 'தோ பீகா ஜமீன்' படத்தில் கடனை அடைக்க ரிக்‌ஷா இழுக்கிற சம்புவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி இங்கிலீஷில் எம்.ஏ., பிபிசியில் வேலை பார்த்தவர், அந்த வேஷத்துக்காகக் கல்கத்தாவில் நிஜமாகவே ரிக்‌ஷா இழுத்துப் பழகினார். வண்டி ஓட்டுகிறவர் நீங்கள், பார்த்துவிட்டு மார்க் போடுங்கள்.

மராத்தி 'ஃபாண்ட்ரி' பார்த்தோம். பன்றி துரத்தும் இடத்தில் என் பையன் சிரித்தான், எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திட்டலாமா?
இல்லத்தரசி, டோம்பிவிலி

திட்டாதீர்கள். நானும் சிரித்தேன். நாகராஜ் மஞ்சுளே 2013-இல் அப்படித்தான் எடுத்து வைத்திருக்கிறார். பன்றி பிடிக்கிற குடும்பத்துப் பையன் ஜப்யா. பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் போடுகிறார்கள், அவன் நின்றுவிடுகிறான், அவனைப் பார்த்துக் குடும்பமே விறைப்பாக நிற்கிறது, பன்றி பாட்டுக்கு ஓடிப்போகிறது. யாருக்குத்தான் சிரிப்பு வராது? வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரர்களும் சிரிக்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் நம்மையும் சேர்த்துவிடுகிறார். பிடித்த பன்றியை அம்பேத்கர் படம் வரைந்த பள்ளிச் சுவரை ஒட்டித் தூக்கிப் போகிற இடத்தில் பையன் சிரித்தானா? கடைசியில் ஜப்யா எறிகிற கல் நேராக கேமராவைப் பார்த்து வருகிறதே, அப்போது என்ன செய்தான்? அதை எழுதுங்கள்.

கிராமத்தில் நல்லது நடக்கிற படமே கிடையாதா ஐயா?
வாஷி வாசகி

ஷ்யாம் பெனகலின் 'மந்தன்' (1976). குஜராத் பால் கூட்டுறவுக்காரர்கள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் போட்டு எடுத்தது. 2024-இல் புதுப்பித்துத் தியேட்டருக்கே மறுபடி வந்தது. அதிலும் கூட்டுறவு அமைக்க ஊருக்கு வருகிற டாக்டர் ராவ் பாதியில் ஊரை விட்டுக் கிளம்பிவிடுவார், முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பார்த்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.