ஆலோசகரின் சாதிக் கருத்து என் சிகிச்சையைப் பாதிக்குமா?

கேள்வி: பதற்றத்துக்காகச் சில மாதங்களாக ஒரு மனநல ஆலோசகரிடம் போகிறேன், நன்றாகத்தான் பேசுவார். போன வாரம் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'நாடகக் காதல்' என்று சாதி மாறிய காதலைத் திட்டும் ஒரு அரசியல் வீடியோ. நான் வேறு சாதிப் பையனைக் காதலிப்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, இனி சொல்ல வாய் வராது. நான்தான் அதிகமாக யோசிக்கிறேனா டாக்டர்? (வாசகி, சேலம்)

பதில்: இல்லைம்மா, சரியாகத்தான் யோசிக்கிறீர்கள். ஆலோசகர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது நிறைய பேருக்குப் பொருட்டே இல்லை, தூக்கம் வரவில்லை என்று வருகிறவருக்கு அதனால் என்ன ஆகிவிடும்? ஆனால் அவர் பகிர்ந்தது உங்கள் வாழ்க்கையையே தப்பு என்கிற கருத்து. பேச்சு சிகிச்சையில் நீங்கள் மனம்விட்டுச் சொல்வதுதான் பாதி வேலை, காதலையும் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தையும் ஒளித்துவைத்துவிட்டு மீதியைப் பேசினால் பதற்றம் எப்படிக் குறையும்?

இன்னொன்று எனக்கு அதைவிடக் கவலை. உங்கள் பக்கத்தில் அந்தப் பயம் வெறும் நோய் அறிகுறி இல்லை, வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காக ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் 2015-ல் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. எது பதற்றம், எது நிஜமான ஆபத்து என்று பிரித்துப் பார்க்க வேண்டியவரே இதை நாடகம் என்று நினைத்தால் அந்தக் கணிப்பு தவறிப்போகும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதி, மதம், அரசியல் நம்பிக்கை எதை வைத்தும் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது, நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்கவும் சொல்கிறது. அதனால் தயங்காமல் நேராகக் கேளுங்கள்: "அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தேன், அதற்கப்புறம் உங்களிடம் சில விஷயங்களைப் பேசப் பயமாக இருக்கிறது." இப்போதே காதலைச் சொல்ல வேண்டாம். நல்ல ஆலோசகர் பதறாமல் கேட்பார், உங்கள் பயத்தைப் பற்றி விசாரிப்பார், தன் கருத்தை உங்கள் மேல் திணிக்க மாட்டார். மழுப்பினாலோ, பெற்றோர் பக்க நியாயம் பேச ஆரம்பித்தாலோ வேறு ஆளைப் பாருங்கள், அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம்கூட உங்களுக்கு இல்லை. புதியவரிடம் முதல் போனிலேயே, சாதி மாறிக் காதலிக்கிறவர்களோடு வேலை செய்திருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். இடையில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் ஆலோசகரை மாற்றும் வேகத்தில் அதையும் நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம்.