எத்தியோப்பியாவின் வொரெடா வாரியான சிறுவர், இளைஞர் எண்ணிக்கையை நம்பித் திட்டம் போடலாமா?

உங்கள் கேள்வி இது: எத்தியோப்பியாவின் வொரெடாக்களுக்கு (நம் வட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) 0–4 தொடங்கி 25–29 வரை ஐந்தைந்து வயதாகப் பிரித்து, ஆண், பெண் எண்ணிக்கை தரும் அட்டவணை ஒன்று கிடைத்திருக்கிறது. அதை வைத்துப் பள்ளி இடங்களுக்கும் தடுப்பூசிக்கும் கணக்குப் போடலாமா?

நான் சில ஆண்டுகள் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்தேன். மாணவர்களின் ஆய்வேடுகளுக்காக இத்தகைய அட்டவணைகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். வொரெடாவின் மொத்த எண்ணிக்கையை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக் கட்டங்களை, அதிலும் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களின் கட்டங்களை, சரிபார்க்காமல் தொடாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

2011 மார்ச். பஹர் தார் நகருக்குத் தெற்கே ஒரு கிராமம். நோன்புக் காலம். வீட்டுக்காரம்மா காப்பிக் கொட்டையை வறுத்து, அதன் புகையை எங்கள் பக்கம் விசிறி முகரச் செய்துவிட்டு, ஜெபெனா என்ற மண்கூஜாவை அடுப்பில் ஏற்றினார். கொறிக்க வறுத்த வாற்கோதுமை. என் மாணவன் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் வயதைக் கேட்டான். கடைசிப் பெண்ணுக்கு ஐந்து என்றார் அம்மா. எப்போது பிறந்தாள் என்று திருப்பிக் கேட்டதும், "மில்லேனியத்தின்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்" என்றார். அவர்களுடைய நாள்காட்டியில் 2000ஆம் ஆண்டு பிறந்தது நமது 2007 செப்டம்பரில். நாடே கொண்டாடிய நாள், யாருக்கும் மறக்காது. அன்று தவழ்ந்த குழந்தைக்கு 2011 மார்ச்சில் நான்கு வயதுதான் முடிந்திருக்கும். ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டதால் அந்தக் குழந்தை 5–9 கட்டத்திலிருந்து 0–4 கட்டத்துக்குத் திரும்பியது.

அப்போது மூத்த பெண் முதுகில் சுமந்து வந்த மஞ்சள் தண்ணீர்க் கேனை வாசலில் இறக்கினாள். அம்மா பதின்மூன்று இருக்கும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "இல்லை, பதினெட்டு" என்றார், துளியும் தயங்காமல். அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. சட்டப்படி திருமண வயது 18. அம்மா விட்டுக்கொடுக்கவில்லை: "பாத்மே சண்டைக்கு என் தம்பி போனபோது இவள் என் முதுகில் கைக்குழந்தை." எரித்திரியாவுடனான எல்லைப் போர் தொடங்கியது 1998 மே மாதம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிறந்த ஆண்டு 1990 என்று எழுதியிருந்தது. எத்தியோப்பிய ஆண்டு அது. நாங்கள் போயிருந்தபோது அங்கே 2003 நடந்துகொண்டிருந்தது. ஆக, அம்மா சொன்ன பதின்மூன்றுதான் சரி.

கதை அங்கே முடியவில்லை. மாணவன் பிறந்த ஆண்டை 1990 என்றே கணினியில் ஏற்றினான். ஆய்வு நடந்த ஆண்டு என்ற இடத்தில் 2011 இருந்தது. கழித்துப் பார்த்த கணினி அவளுக்கு 21 வயது என்றது. பதின்மூன்று வயதுப் பெண் 10–14, 15–19, 20–24 என்ற மூன்று கட்டங்களிலும் ஒரே வாரத்தில் உட்கார்ந்து எழுந்தாள். எத்தியோப்பிய ஆண்டு நமது ஆண்டைவிட ஏழு அல்லது எட்டு பின்தங்கியது. புத்தாண்டு செப்டம்பர் 11 அன்று, மறு ஆண்டு லீப் ஆண்டானால் 12 அன்று. பிறந்த ஆண்டு எந்த நாள்காட்டியில் இருக்கிறது என்று தெரியாத எந்தக் கோப்பையும் நான் அதன் பிறகு திறந்ததில்லை.

பிறப்புச் சான்றிதழ் பார்த்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும். நாடு தழுவிய பிறப்புப் பதிவு அங்கே 2016 ஆகஸ்டில்தான் தொடங்கியது. அதே ஆண்டு நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று பேர்தான் பதிவு செய்யப்பட்டவர்கள். எனவே நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வயதுக்கும் பின்னால் காப்பி வறுத்துக்கொண்டே நினைவைத் துழாவிய ஒரு தாய் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 5, 10, 15, 20 என்று உருண்டையான எண்களில் குவிவது இதனால்தான். 2007 கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் 0–4 வயதுப் பிள்ளைகள் 5–9 வயதுப் பிள்ளைகளைவிடக் குறைவு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5.4 பிள்ளைகள். அப்படிப்பட்ட நாட்டில் இந்த இறக்கம் முழுவதும் உண்மையாக இருக்க முடியாது. எண்ணப்படாமல் விடுபட்ட கைக்குழந்தைகளும், ஐந்து என்று மேலே தள்ளப்பட்ட நான்கு வயதுக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். தடுப்பூசிக் கணக்குப் போடுகிற உங்களுக்கு இது நேரடியாக உறைக்கும் விஷயம்.

இனி அட்டவணையின் பிறப்பிடம். எத்தியோப்பியாவில் இதுவரை மூன்றே கணக்கெடுப்புகள்: 1984, 1994, 2007. 2007இல் மொத்தம் சுமார் 7 கோடியே 37 லட்சம் பேர். அவர்களில் 45 விழுக்காடு பேர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள். 2017இல் நடந்திருக்க வேண்டிய நான்காவது கணக்கெடுப்பு பாதுகாப்புச் சிக்கல்களால் தள்ளித் தள்ளிப் போடப்பட்டது. 2020 நவம்பரில் வடக்கே டிக்ரே மாநிலத்தில் போர் மூண்டது. ஐ.நா. மதிப்பீட்டின்படி இன்றைய மக்கள்தொகை 13 கோடிக்கு மேல். அதாவது உங்கள் அட்டவணையில் 2007க்குப் பிந்தைய ஆண்டு போட்டிருந்தால், அதில் உள்ள ஒரு குழந்தையைக்கூட யாரும் எண்ணவில்லை. எல்லாம் முன்கணிப்பு.

முன்கணிப்பு தவறில்லை. ஆனால் பல அட்டவணைகளில் வொரெடாவின் மொத்தத்தை மட்டும் கணித்துவிட்டு, மாநிலத்தின் வயது விகிதத்தை எல்லா வொரெடாக்களுக்கும் அப்படியே பெருக்கிவிடுகிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு வொரெடாவிலும் 0–4 வயதுச் சிறுவர்களை மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரே மாநிலத்துக்குள் எல்லா வரிசையிலும் ஒரே பின்னம் வந்தால், உங்களிடம் இருப்பது ஒரே ஒரு தகவலின் நூறு பிரதிகள். நான் முதன்முதலில் இப்படி வகுத்துப் பார்த்த இரவில் மூன்று மாத உழைப்பைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. சந்தை நகரமான வொரெடாவுக்கும் மலையுச்சி வொரெடாவுக்கும் ஒரே வயதமைப்பு இருக்கவே முடியாது. பிறப்பு விகிதத்தையே பாருங்கள்: 2016 ஆய்வில் ஒரு பெண்ணுக்கு அடிஸ் அபாபாவில் 1.8 பிள்ளைகள், சோமாலி மாநிலத்தில் 7.2.

ஆண்–பெண் பத்திக்கு வருவோம். நம் ஊரில் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே நூறு பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று எழுதுவார்கள். 125 என்று பார்த்ததும் பெண்கள் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்கள் குறைவு என்று பொருள். 2007இல் சோமாலி மாநிலத்தில் ஆண்கள் சுமார் 24 லட்சத்து 72 ஆயிரம், பெண்கள் சுமார் 19 லட்சத்து 73 ஆயிரம். அஃபார் மாநிலத்தில் 7 லட்சத்து 75 ஆயிரம் ஆண்களுக்கு 6 லட்சத்து 15 ஆயிரம் பெண்கள். நம் வழக்கத்தில் சொன்னால் ஆயிரத்துக்கு எண்ணூறுக்கும் சற்றுக் கீழே.

இந்த எண்ணைக் கண்டதும் நமக்குக் கருவில் பாலினம் பார்த்துக் கலைப்பது நினைவுக்கு வரும். அங்கே அது பொருந்தாது. இரண்டும் மேய்ச்சல் மக்களின் நிலம். ஆடும் ஒட்டகமும் தண்ணீர் தேடிப் போகும்போது குடும்பமே பிரிந்து நகரும். படிவத்தோடு வரும் அந்நிய ஆணிடம் வயதுவந்த பெண்ணின் பெயரைச் சொல்ல வீட்டாருக்கு மனம் வராது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் உயிரோடுதான் இருக்கிறார்கள், எண்ணப்படவில்லை என்பதே என் கணிப்பு. எண்ணப்படாத பெண்ணுக்கு அவள் வொரெடாவில் பள்ளி இருக்கையும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடிஸ் அபாபாவில் நேர்மாறு: சுமார் 13 லட்சத்து 5 ஆயிரம் ஆண்கள், 14 லட்சத்து 34 ஆயிரம் பெண்கள். இந்த மிகுதிக்கு முக்கியக் காரணம் பதின்வயதிலேயே கிராமத்தை விட்டு வந்து வீட்டு வேலை செய்யும் பெண்கள். நான் சொன்ன அந்த வீட்டுக்கு அடுத்த ஆண்டு மாணவன் மறுபடியும் போனபோது மூத்த பெண் அங்கே இல்லை. கல்யாணம் நின்றுபோயிருந்தது. அடிஸ் அபாபாவில் உறவினர் வீட்டில் இருக்கிறாள் என்றார் அம்மா. படிக்கிறாளா, வேலை செய்கிறாளா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. எங்கள் படிவத்தின் விதிப்படி ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவரை அந்த வீட்டில் எழுதக் கூடாது. மாணவன் அவள் வரியைக் கோடிட்டு அடித்தான்.

பையன்களும் போகிறார்கள்: எள் அறுவடைக்கு வடமேற்கிலுள்ள ஹுமெராவுக்கும் மெத்தெமாவுக்கும், தெற்கேயுள்ள ஹொசானா பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு. வடக்கேயுள்ள வொல்லோவிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகும் இளம் பெண்கள் ஏராளம். ஆகவே உங்கள் வொரெடாவில் 15–24 கட்டம் ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கியிருந்தால் உடனே பிழை என்று திருத்திவிடாதீர்கள். அந்த ஊரிலிருந்து யார் எங்கே போகிறார்கள் என்று விசாரியுங்கள்.

எல்லைகளும் நகர்ந்துவிட்டன. வொரெடாவை மாவட்டம் என்று மொழிபெயர்க்கிறார்கள். சராசரியாக ஒரு லட்சம் பேர் வாழும் அதை நம் வட்டத்தோடு ஒப்பிடுவதே பொருத்தம். அதற்குக் கீழே கெபெலே, மேலே மண்டலம், அதற்கும் மேலே மாநிலம். 2007க்குப் பிறகு பல வொரெடாக்கள் பிரிக்கப்பட்டன. தெற்கு மாநிலமே உடைந்து 2020இல் சிதாமா, 2021இல் தென்மேற்கு, 2023இல் தெற்கு, மத்திய எத்தியோப்பிய மாநிலங்கள் என்று ஆகிவிட்டது. பழைய எண்ணிக்கையைப் புதிய வரைபடத்தில் ஒட்டினால் பாதி வொரெடாவுக்கு முழு வொரெடாவின் பிள்ளைகள் கிடைப்பார்கள்.

இளைஞர் என்ற சொல்லுக்கும் ஒரே அளவு இல்லை. ஐ.நா. 15–24 என்கிறது, எத்தியோப்பியாவின் 2004 இளைஞர் கொள்கை 15–29, ஆப்பிரிக்க இளைஞர் சாசனம் 15–35. எதை எடுத்தீர்கள் என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் வேண்டுமானால் 15–19 கட்டத்தை வெட்ட வேண்டிவரும். ஐந்தில் மூன்று பங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். பதின்மூன்றைப் பதினெட்டாக்கும் மாமாக்கள் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு கெபெலேயிலும் பொதுவாக இரண்டு சுகாதார விரிவாக்கப் பணியாளர்கள் இருப்பார்கள். 2003இல் தொடங்கிய திட்டம். கிராமப்புறத்தில் எல்லோரும் பெண்கள். வீட்டுக்கு வீடு குடும்பக் கோப்பு வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று கெபெலேகளிலாவது அந்தக் கோப்புகளோடு உங்கள் அட்டவணையை ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளிப் பதிவேட்டையும் கேளுங்கள். உரிய வயதுப் பிள்ளைகளின் சேர்க்கை மட்டுமே நூறு விழுக்காட்டைத் தாண்டினால், கோளாறு பெரும்பாலும் பிள்ளைகளின் மொத்த எண்ணிக்கை என்று வைத்து நீங்கள் வகுத்த எண்ணில் இருக்கும். வயதமைப்பின் உருவம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க, புத்தஜிரா, தபாத் போன்ற கண்காணிப்புக் களங்களின் வெளியீடுகள் உதவும். புத்தஜிராவில் 1987 முதல் வீடு வீடாகப் போய்ப் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வைப் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். அங்கே வயது என்பது தாயின் நினைவை மட்டும் நம்பியது அல்ல.

உங்கள் அட்டவணையில் உள்ள வொரெடாக்களின் பெயர்களை மண்டலத்தோடு சேர்த்து அனுப்புங்கள். முடிந்தால் அம்ஹாரிக் எழுத்திலேயே அனுப்புங்கள், ஏனென்றால் ஒரே ஊர் ஒரு பட்டியலில் தெற்கைக் குறிக்கும் அம்ஹாரிக் சொல்லான 'தெபுப்' என்றும் இன்னொன்றில் ஆங்கிலத்தில் 'சவுத்' என்றும் தொடங்கும், கணினி அவற்றை இரண்டாக எண்ணிவிடும். எவை 2007க்குப் பிறகு பிரிந்தவை என்று என் பழைய கோப்புகளில் பார்த்துச் சொல்கிறேன்.