விஸ்கியை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஐயா,
அமெரிக்காவின் தொடக்ககால அரசியலை ஒரு மாதமாகப் படிக்கிறேன். 1796-இல் விடைபெறும்போது வாஷிங்டன் அவ்வளவு எச்சரித்தும் கட்சிகள் எப்படி வந்தன? அவருடைய நிதியமைச்சர் ஹாமில்டனும் வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனும் ஒத்துப்போயிருந்தால் வந்திருக்காது இல்லையா? பிரெஞ்சுத் தூதர் ஜெனேதான் குட்டையைக் குழப்பினார் என்கிறார்களே?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

1796-க்குள் கட்சிகள் வந்தாயிற்று. அவர் எச்சரித்தது கண்ணெதிரே நின்றதைப் பார்த்துத்தான்.

ஒரு மாதம் படித்துவிட்டு இரண்டு பேருடைய மனஸ்தாபத்தில் வந்து நிற்கிறீர்களே! கோபம்தான் வந்தது. ஆனால் பி.ஏ. படித்தபோது நானும் இதையேதான் எழுதினேன். விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ‘விஸ்கி எங்கே?’ என்று கேட்டிருந்தார். வகுப்பே சிரித்தது. போன வாரம் முழுக்க அந்த இரண்டு சொற்கள்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. அப்போது பார்த்து உங்கள் கடிதம்.

மேற்கு பென்சில்வேனியாவில் ஒரு விவசாயி. ரை என்ற தானியம் விளைகிறது. கிழக்கே கொண்டுபோய் விற்க வேண்டும், நடுவில் அலெகெனி மலை. ஒரு குதிரை நாலு புஷல் தானியம் சுமக்கும். விஸ்கியாகக் காய்ச்சினால் 24 புஷல் மலையேறிவிடும். ஆற்றில் தெற்கே அனுப்பலாம் என்றால் மிசிசிப்பியின் முகத்துவாரம் ஸ்பெயின் கையில். வடமேற்கில், விட்டுப்போவதாக ஒப்புக்கொண்ட கோட்டைகளில் பிரிட்டிஷ் படை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த நிலையில் 1791-இல் ஹாமில்டன் விஸ்கிக்கு வரி போடுகிறார், அதுவும் ரொக்கமாக. விஸ்கியே காசாகப் புழங்கும் ஊரில் ரொக்கத்துக்கு எங்கே போவது? வரி எதற்கு? விடுதலைப் போர்க் கடனை அடைக்க. கடன் பத்திரங்களில் பெரும்பங்கு அதற்குள் கிழக்கத்திய வியாபாரிகளிடம் போயிருந்தது. இதில் உள்நாட்டுப் பிரச்சினை எது, வெளிநாட்டுப் பிரச்சினை எது, பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

1794-இல் வரி அதிகாரியின் வீட்டைக் கொளுத்தினார்கள். வாஷிங்டன் சுமார் 13,000 பேரைத் திரட்டி, பாதி வழி தானே போனார். எதிர்த்து நிற்க ஆளில்லை. தேசத்துரோகத் தண்டனை பெற்ற இரண்டு பேரையும் பிறகு மன்னித்துவிட்டார். ஆனால் அந்த நவம்பரில் காங்கிரசில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், அவர் பழியைப் போட்டது, பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடி முளைத்த ஜனநாயகச் சங்கங்கள் மேல். ஜெஃபர்சன் அணியின் காங்கிரஸ் உறுப்பினர் மாடிசன் கொதித்தது அங்கேதான். சாராயக் கலகமும் பாரிஸும் ஒரே பேச்சில் ஒட்டிக்கொண்டன. ஹாமில்டன் தங்கமான மனிதராக இருந்திருந்தாலும் ஒட்டியிருக்கும்.

1798 தேசநிந்தனைச் சட்டம் தனிக் கதை. பிரான்ஸோடு போர் வரும் என்ற பயத்தில் போட்டது. அதிபரையும் காங்கிரசையும் அவதூறாக எழுதினால் சிறை. துணை அதிபரை எழுதலாம். அப்போது துணை அதிபர் யார்? ஜெஃபர்சன்தான்.

அப்புறம் ஜெனே. அவரைப் பெரிதாக்காதீர்கள். 1793-இல் வந்தார், ஆர்ப்பாட்டம் செய்தார், திரும்ப அழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஊருக்குப் போனால் தலை போகும் என்று வாஷிங்டனிடமே அடைக்கலம் கேட்டார். நியூயார்க் ஆளுநர் மகளைக் கட்டிக்கொண்டு, விவசாயம் பார்த்து, 1834-இல் அங்கேயே செத்தார்.