நிரலுக்கு முழு மதிப்பெண், பில்லில் மட்டும் பிழை ஏன்?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். ரப்பர் பால் கொள்முதல், பில், கணக்கு, கிடங்கு என முப்பதுக்கும் மேற்பட்ட புராஜெக்ட்கள் எங்களிடம் உள்ளன. எல்லாமே இரண்டு மூன்று பொது லைப்ரரிகளை (பல புராஜெக்ட்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை) நம்பியிருக்கின்றன. தர ஆய்வுக் கருவி ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் 'ஏ' கொடுக்கிறது. ஆயினும் ஓரிடத்தில் கை வைத்தால் வேறோரிடத்தில் உடைகிறது. எதிலிருந்து சீர்செய்யத் தொடங்குவது?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கருவியைக் குறை சொல்ல முடியாது. அத்தகைய கருவிகள் பெரும்பாலும் ஒரு புராஜெக்ட்டின் எல்லைக்குள் நின்றே பார்ப்பவை. தாமஸ் மெக்கேப் 1976-இல் முன்வைத்த சிக்கலளவும் ஒரு ஃபங்ஷனுக்குள், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்குள், எத்தனை கிளைவழிகள் உள்ளன என்பதையே எண்ணுகிறது. அந்த ஃபங்ஷனை வெளியிலிருந்து யார் யார் அழைக்கிறார்கள் என்பது அதன் கணக்கில் வராது.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். 42.5 கிலோ ரப்பர் பாலில் டி.ஆர்.சி. எனப்படும் உலர் ரப்பர் அளவு 36.25 சதவீதம் என்றால், உலர் எடை 15.40625 கிலோ. இதைக் கணக்கிடும் ஃபங்ஷன் பொது லைப்ரரியில் மூன்று வரிக்கு மேல் இராது. எந்தக் கருவியும் அதற்கு முழு மதிப்பெண் தரும். ஒருவர் நல்லெண்ணத்தோடு அதை இரண்டு தசமத்துக்குத் திருத்தி 15.41 ஆக்கினார் என்று கொள்வோம். கிலோ 200 ரூபாய் விலையில், புதிய பதிப்புக்கு மாறிய கொள்முதல் சீட்டு 3,082 ரூபாய் என்றும், பழைய பதிப்பிலேயே நிற்கும் கணக்குப் புராஜெக்ட் 3,081.25 ரூபாய் என்றும் காட்டும். தனித்தனியே சோதித்தால் இரண்டிலும் குறை தென்படாது.

எனவே யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்ற வரைபடத்தை முதலில் தயாரியுங்கள். லைப்ரரிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் மேவன், என்பிஎம் போன்ற கருவிகள் தரும் சார்புப் பட்டியலிலிருந்து ஒரு சிறிய ஸ்கிரிப்ட் மூலம் அதை எடுத்துவிடலாம். மறைமுகச் சார்புகளையும், ஒரே லைப்ரரியின் எந்தெந்தப் பதிப்பு எங்கெங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். பிறகு ராபர்ட் மார்ட்டின் வகுத்த நிலையின்மை அளவைப் போட்டுப் பாருங்கள்: வெளிச்செல்லும் சார்புகளின் எண்ணிக்கையை, உள்வருவனவும் வெளிச்செல்வனவும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். விடை 0-ஐ நெருங்கினால், பலவும் அதன்மீது நிற்கின்றன, அது அடிக்கடி மாறக் கூடாது என்று பொருள். அப்படிப்பட்ட ஒன்று, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஜிட்டின் வரலாற்றின்படி வாரந்தோறும் மாறிக்கொண்டிருந்தால், அங்கேதான் உங்கள் முதல் வேலை. பேச்சிப்பாறை அணையின் மதகில் கோளாறு இருக்கையில் கடைமடை வாய்க்காலைத் தூர்வாரிப் பயனில்லை. வேறு எதுவும் தன்னைச் சார்ந்திராத ஒரு ரிப்போர்ட் புராஜெக்ட் 'டி' வாங்கியிருந்தாலும் அது காத்திருக்கலாம். (எல்லாவற்றின் மதிப்பெண்ணையும் சராசரியாக்கி மேலாளரிடம் காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம், அந்தச் சராசரியால் எவருடைய பில்லும் சரியானதாக நான் அறியேன்.)

வரைபடத்தில் அகப்படாத சார்பும் உண்டு. இரண்டு புராஜெக்ட்கள் ஒரே டேட்டாபேஸ் அட்டவணையில் எழுதிக்கொண்டிருந்தால் எந்தப் பட்டியலும் அதைச் சொல்லாது. ஒரே டிக்கெட் (வேலைக் கோரிக்கை) எண்ணில் இரண்டும் அடிக்கடி சேர்ந்தே மாறுகின்றனவா என்று, ஒவ்வொரு மாற்றத்தோடும் ஜிட்டில் எழுதப்படும் கமிட் குறிப்புகளில் தேடினால் தெரிந்துவிடும். லைப்ரரியில் ஒரு மாற்றம் செய்தால், அதைப் பயன்படுத்தும் புராஜெக்ட்களின் டெஸ்ட்டுகளையும் ஓட்டிய பிறகே வெளியிடுங்கள்.

கேள்வி: வெளியிலிருந்து எடுக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளையும் இப்படி ஆராய வேண்டுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: வரைபடத்தில் அவையும் இடம்பெற வேண்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரல் என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டதும், பேபல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி உள்ளிட்ட பெரிய புராஜெக்ட்களின் பில்ட் (நிரலை இயங்கும் வடிவில் கட்டியெடுக்கும் வேலை) நின்றுபோனது. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்புக் குறைபாடு வெளிவந்தபோது, வேறு லைப்ரரிகளின் வழியாக உள்ளே வந்திருந்த அந்த லைப்ரரி தங்களிடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பலருக்குப் பெரும்பாடாயிற்று. அவற்றின் நிரலை நீங்கள் வரி வரியாக அளக்க வேண்டியதில்லை. பராமரிப்பவர் எத்தனை பேர், கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, உங்களுடைய எத்தனை புராஜெக்ட்கள் அதைச் சார்ந்துள்ளன என்பவற்றைக் குறித்துவைத்தால் போதும்.