மூச்சை அடக்கினால் திணறுவது ஆக்சிஜன் தீர்ந்துபோவதாலா?

இல்லை. அந்தத் திணறலைக் கிளப்புவது இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. இது தெரியாமல் நீருக்குள் உயிரை விட்டவர்கள் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசையான உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்கும்போது மார்பு விரிந்து, உள்ளே அழுத்தம் குறையும்; காற்று தானாக வந்து நிரம்பும். ஓய்வில் ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லி. அதில் ஏறக்குறைய 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்களோடு நின்றுவிடும். மிச்சம்தான் நுரையீரலின் நுண்ணறைகளை, அதாவது ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கும் சின்னஞ்சிறு காற்றுப்பைகளை, எட்டும். உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளியே விடும் மூச்சிலும் சுமார் 16 சதவீதம் மீதி இருக்கும். வாயோடு வாய் வைத்து ஊதும் செயற்கைச் சுவாசம் பலிப்பதே இதனால்தான்.

இனி கட்டுப்பாடு. தமனி இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வழக்கமாக 40 மி.மீ. பாதரசம். மூச்சை அடக்கி அது சில மி.மீ. ஏறினாலே, மூளையைச் சூழ்ந்த திரவத்தில் அமிலத்தன்மை கூடும். மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள உணரிகள் அதைக் கண்டுகொண்டு சுவாச மையத்தை முடுக்கிவிடும். ஆக்சிஜனைக் கவனிக்கும் உணரிகள் கழுத்துத் தமனியருகே உள்ளன. அவை மெத்தனமானவை: ஆக்சிஜன் அழுத்தம் வழக்கமான 95-லிருந்து 60-க்குக் கீழே போனால்தான் பலமாக விழித்துக்கொள்ளும்.

ஆபத்து இங்கேதான். நீரில் இறங்குமுன் சிலர் வேகவேகமாக மூச்சு வாங்குகிறார்கள், ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதாக நினைத்து. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97 சதவீதம் போல நிரம்பியிருக்கிறது. கூடுதலாக ஏற்ற இடமே இல்லை. கார்பன் டை ஆக்சைடு மட்டும் சரிந்துவிடும். தலை கிறுகிறுத்து, உதடும் விரல் நுனிகளும் மரத்துப்போவது அதன் அடையாளம். அந்த நிலையில் உள்ளே போனால், மூச்சு முட்டும் முன்பே ஆக்சிஜன் குறைந்து நினைவு தப்பும். ஆழத்திலிருந்து ஏறும்போது இன்னும் மோசம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. மேலே வர வர நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தமும் சரியும். அடியில் தெளிவாக இருந்தவர் மேற்பரப்பை நெருங்கும்போது மயங்குவது அதனால்தான்.

ஆகவே இறங்குமுன் வேகமூச்சு வேண்டாம். எவ்வளவு நன்றாக நீந்துபவரானாலும் தனியாக மூச்சடக்கிப் பழகக் கூடாது. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மயங்கியவரை வெளியே எடுத்ததும் மூச்சு இல்லையென்றால், அவசர உதவியை அழைக்கச் சொல்லிவிட்டு முதலில் செயற்கைச் சுவாசம் கொடுங்கள், அடுத்து மார்பை அழுத்துங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்க்காதீர்கள். வாந்தி வந்து அது நுரையீரலுக்குள் போய்விடும், நேரமும் வீணாகும்.