ஒற்றை உடலா, இரட்டை உடலா? பாய்ப்படகு கேள்வி பதில்

மலேசியாவில் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இருபது வருஷமாக லுமுட்டிலும் லங்காவியிலும் படகுகளுக்குப் பாய்மரமும் கயிறும் பூட்டுகிறேன். போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணே, வேலை ஓய்வுக்குப் பிறகு குடும்பத்தோடு பங்கோர், லங்காவி என்று சுற்ற ஆசை. கேட்டமரான் என்கிற இரட்டை உடல் படகா, ஒற்றை உடல் படகா?

நம் மலாக்கா நீரிணைக்குக் கேட்டமரான். இங்கே பல நாள் காற்றே இருக்காது, எஞ்சினில்தான் போக வேண்டும். கேட்டமரானுக்கு இரண்டு எஞ்சின், ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் நின்ற இடத்திலேயே திரும்பும். நாற்பதடி ஒற்றை உடல் படகு ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆழம் கேட்கும். கேட்டமரானுக்கு ஒன்றேகால் மீட்டர் போதும், கரைக்குக் கிட்டேயே நங்கூரம் போடலாம். இரவில் அதிகம் உருளாது, பிள்ளைகள் தூங்குவார்கள்.

ஆனால் சுமை ஏற்றாதீர்கள். ஒரு குடும்பத்தின் படகைப் பார்த்தேன்: அரிசி மூட்டை, ஜெனரேட்டர், முக்குளிக்கும் சிலிண்டர், இரண்டு சைக்கிள். நீர்மட்டக் கோடு நாலு விரல் தண்ணீருக்குள் போயிருந்தது. இரண்டு உடலுக்கும் நடுவே உள்ள தளத்தின் அடியில் அலை சம்மட்டி போல அறைந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கீல் என்ற பகுதியில் டன் கணக்கில் ஈயம் சுமக்கும் ஒற்றை உடல் படகு அதே சாமானை முனகாமல் தாங்கும்.

கேள்வி: கவிழ்ந்தால் எது நிமிரும்?

ஒற்றை உடல். சாயச் சாயக் கீலின் கனம் அதைத் திருப்பி இழுக்கும். கேட்டமரான் அகலத்தால் நிற்கிறது. தலைகீழானால் அப்படியே கிடக்கும், ஆனால் பெரும்பாலும் மூழ்காது, ஆட்கள் மேலே பற்றிக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியம் ஒன்று. காற்று கூடினால் ஒற்றை உடல் சாய்ந்து உங்களுக்குச் சொல்லிவிடும். கேட்டமரான் சொல்லாது. ஒருநாள் விடியற்காலை நாலு மணி, பங்கோருக்கு வெளியே சுமத்ராப் புயல்காற்று வந்தது. பன்னிரண்டு நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) இருந்த காற்று கொஞ்ச நேரத்தில் முப்பத்தைந்து. மேசையில் இருந்த தேநீர்க் குவளை அசையவே இல்லை. பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பி மட்டும் வீணை நரம்பு போல அதிர்ந்தது. அப்போது பாயைச் சுருக்கக் கஷ்டப்பட்டேன். கருமேகம் தெரிந்ததுமே சுருக்குங்கள்.

கேள்வி: ரேஸில் எது வேகம்?

நீர்மட்டத்தில் முப்பத்தாறு அடி நீளமுள்ள கனமான ஒற்றை உடல் சுமார் எட்டு நாட் வேகத்தைத் தாண்டத் திணறும். தன் அலையிலேயே மாட்டிக்கொள்ளும். ஒல்லியான இரண்டு உடல் அந்த அலையைக் கிழித்துப் போய்விடும். 1876இல் நியூயார்க் போட்டியில் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் கட்டிய 'அமரிலிஸ்' கேட்டமரான் எல்லாரையும் முந்தியது. அதன் பிறகு கேட்டமரானைப் போட்டியில் சேர்க்கவே மறுத்தார்கள். 1988 அமெரிக்கா கோப்பையில் நியூசிலாந்தின் பெரிய ஒற்றை உடல் படகு கேட்டமரானிடம் இரண்டு ஓட்டத்திலும் தோற்றது. ஆனால் சுமை ஏற்றிய சுற்றுலாக் கேட்டமரான் காற்றுக்கு எதிரே ஏறும்போது, நல்ல கீல் உள்ள ஒற்றை உடல் அதைப் பின்னே விட்டுவிடும்.

கேள்வி: கேட்டமரான் நம் கட்டுமரம்தானே? அப்படியானால் அது தமிழன் கண்டுபிடிப்புதானே?

பெயர் நம்முடையது, சந்தேகமே இல்லை. 1697இல் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையில் பார்த்ததை அந்தப் பெயரோடு எழுதினார். ஆனால் நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு உள்ளே குடைந்த உடலே கிடையாது, தண்ணீர் இடுக்கு வழியே வரும், போகும். இரண்டு உடலைப் பாலத்தால் இணைத்தவர்கள் பசிபிக் தீவு மக்கள். 1976இல் 'ஹொகுலேயா' அந்த மாதிரிப் படகுதான், கருவி இல்லாமல் ஹவாயிலிருந்து தஹிதிக்குப் போனது.

அன்று மண்டபத்தில் இதைச் சொன்னதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா எழுந்து, "சோழர் கடல் கடந்து கடாரம் வந்தார்களே!" என்றார். வந்தார்கள் ஐயா, கப்பலில் வந்தார்கள். கட்டுமரத்தின் பெருமை வேறு: கரையில் முட்டும் அலைக்கு நடுவே இறங்கவும், மீன் பிடித்துத் திரும்பி மரத்தை அவிழ்த்து மணலில் காயவைக்கவும் அதைவிடத் தோதானது கிடையாது. அந்த உண்மையான பெருமையை விட்டுவிட்டுப் பசிபிக்காரர்கள் பெருமையை நாம் ஏன் எடுக்க வேண்டும்? அரை மணி நேரம் இதிலேயே போனது.

கேள்வி: எது பாதுகாப்பு? (ஏழு சீட்டுகள்)

மேலே எழுதிவிட்டேன். கருமேகம் தெரிந்ததும் பாயைச் சுருக்கும் படகுதான் பாதுகாப்பு.

கேள்வி: விலை, வங்கிக் கடன்?

படகுத் தரகரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும்: கேட்டமரான் அகலம் என்பதால் பல மரினாக்களில் (படகு நிறுத்தும் துறைகளில்) நிறுத்தும் கட்டணம் கூடும்.

கேள்வி: மாமா, படகே இல்லை. எப்படிப் பழகுவது?

சின்னப் பாய்ப்படகில் ஆரம்பி தம்பி. அப்புறம் நவம்பரில் போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போகும் ராஜா மூடா போட்டியில் ஆள் குறையும் படகு எதுவென்று விசாரி. அதற்கு முன் சனிக்கிழமை காலை லுமுட் வந்தால் முடிச்சுப் போடச் சொல்லித் தருகிறேன். ரப்பர் செருப்பு வேண்டாம், தளத்தில் வழுக்கும்.