வீட்டு வேலை, வெளிநாட்டு வேலை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கொழும்பில் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் உதவி மேசையில் இருக்கிறேன். சட்டத்தரணி இல்லை. ஆனால் எந்தக் கடதாசியை எந்த மேசையில் வைத்தால் வேலை நடக்கும் என்று தெரியும். அதற்கு வெளியே கேட்டால் வழி மட்டும் சொல்வேன். எசமானர் பெயர், ஏஜென்சிப் பெயர் எழுதாதீர்கள்.

கொட்டாஞ்சேனை: தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப்போகிறாள். முதலில் விசிட் விசாவில் டுபாய் போகச் சொல்கிறார் சப் ஏஜென்ட். அங்கே விசா மாற்றலாமாம். கையில் ஒரு தொகையும் தருகிறார். அனுப்பலாமா?

வேண்டாம். விசிட் விசா என்றால் அவள் அந்த நாட்டுக் கணக்கில் வேலையாள் இல்லை, சுற்றுலாப் பயணி. தூதரகம் உறுதிப்படுத்திய ஒப்பந்தம் இருக்காது. பத்தரமுல்லை பியூரோவில், அதாவது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், பதிவும் இருக்காது. பதிவு இல்லாவிட்டால் காப்புறுதியும் இல்லை. 2022இல் இப்படி டுபாய் வழியாகப் போன பெண்கள் ஓமானில் கைமாற்றப்பட்டு, மஸ்கட் தூதரகப் பாதுகாப்பு இல்லத்தில் வந்து சேர்ந்த கதை நாடறிந்தது. கையில் தருகிற காசையும் அன்பளிப்பு என்று நினைக்காதீர்கள். திரும்பி வர வேண்டும் என்று சொல்லும் நாளில் அதுதான் கடனாக நிற்கும்.

செய்ய வேண்டியது இதுதான். ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். பியூரோவின் 1989 என்ற தொலைபேசிக்கு எடுத்து அந்த அனுமதிப்பத்திர இலக்கம் நடப்பில் உள்ளதா, குறிப்பிட்ட வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்ப்பது குற்றம். இலக்கம் கேட்டதும் கோபப்படுகிற ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

மட்டக்குளி: விசிட் விசாவில் போய் அங்கே வேலை தேடினால் என்ன?

மேலே இருப்பதைப் படியுங்கள்.

மூதூரிலிருந்து வந்து மருதானையில் தங்கியிருப்பவர்: மகளுக்கு 19 வயது. பாஸ்போர்ட்டில் இரண்டு மூன்று வயது கூட்டிப் போட்டால் போகலாம் என்கிறார் தரகர்.

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வருகிறதே. றிசானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க முடியாது. 2005இல் 17 வயதில், வயது கூட்டிய பாஸ்போர்ட்டோடு சவூதிக்குப் போன பிள்ளை. பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்ததும் வழக்கு வந்தது. சம்பவத்தின்போது அவள் சிறுமி என்ற வாதத்துக்கு எதிராக அந்தப் பாஸ்போர்ட்டே நின்றது. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். வீட்டு வேலைக்குப் போக இப்போது குறைந்தது 21 வயது வேண்டும், 2022இல் எல்லா நாட்டுக்கும் ஒன்றாக்கினார்கள். இரண்டு வருடம் பொறுங்கள். அதுவரை மகள் ஏதாவது ஒரு தொழில் படிக்கட்டும்.

வத்தளை: கொரியா வேலைக்கு நல்ல ஏஜென்ட் யார்?

யாருமே இல்லை. அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான ஏற்பாடு அது, பியூரோ மூலம் மட்டும் நடக்கிறது. காசு கேட்கிறவர் ஏமாற்றுகிறார்.

பம்பலப்பிட்டி: எங்கள் வீட்டில் ஹட்டன் பக்கத்து அம்மா ஒருவர் 11 வருடமாக இருக்கிறார். எங்களில் ஒருத்தி மாதிரித்தான். இப்போது ஊருக்குப் போகிறேன் என்கிறார், சேவைக்காலக் காசும் கேட்கிறார். சட்டப்படி நாங்கள் கொடுக்க வேண்டுமா?

சட்டப்படி வேண்டியதில்லை. சேவைக்காலக் காசைப் பற்றிய 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் தனியார் வீட்டு வேலையாளரை வெளியே வைத்துவிட்டது. ஊழியர் சேமலாப நிதியும் வீட்டு வேலைக்கு இல்லை. 2016இல் வந்த தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ரூபாய் என்று பத்திரிகையில் வாசிக்கிறோமே, அது உங்கள் குசினிக்குள் வராது.

ஆனால் என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் கணக்குச் சொல்வேன். பணிக்கொடை ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 11 வருடத்துக்கு ஐந்தரை மாதம். மாதம் 30,000 கொடுக்கிறீர்கள் என்றால் 1,65,000 ரூபாய். சேமலாப நிதியில் எசமானர் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். இரண்டும் சேர்ந்து மாதம் 4,500. இதையெல்லாம் 11 வருடமாக நீங்கள் கட்டவில்லை. அந்த அம்மா கேட்கிற தொகை எவ்வளவு? எழுதுங்கள்.

பம்பலப்பிட்டி (மீண்டும்): ஒரு இலட்சம். ஆனால் சாப்பாடு, தங்குமிடம், மருந்து, தீபாவளிக்குச் சேலை எல்லாம் நாங்கள்தானே பார்த்தோம்? அதைக் கழிக்க வேண்டாமா?

கழியுங்கள். கழிக்கிறபோது இரவு 11 மணிக்கு வந்த விருந்தாளிக்குத் தேநீர் போட்டதையும், விடியற்காலை 5 மணிக்கு எழுந்து பிள்ளைக்குப் பாண் வெட்டியதையும் மேலதிக நேரமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் வீட்டில் தங்கியது உங்கள் வசதிக்கும்தான்.

வத்தளை வாசகி: நீங்கள் வேலைக்கு நிற்கிறவர்களைத் தூண்டிவிடுகிறீர்கள். அரபு நாட்டில் நடக்கிற கொடுமையை விட்டுவிட்டு எங்களைப் போன்றவர்களைப் பிடிக்கிறீர்கள். நாங்கள் அடிக்கிறோமா, பட்டினி போடுகிறோமா?

அடிக்காமலிருப்பது சம்பள உயர்வு இல்லை அக்கா.

அரபு நாட்டை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன். குவைத்தில் 2015இல் வீட்டு வேலையாளருக்கென்றே 68ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடம் 30 நாள் சம்பளத்தோடு லீவு, ஒரு நாளில் 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, ஒப்பந்தம் முடிந்தால் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் தடை. கட்டாரில் 2017இல் வந்த சட்டம் நாளுக்கு 10 மணித்தியாலம் என்கிறது. அங்கே எல்லாரும் இதை மதிக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. மதிக்காத வீடு நிறைய, வீட்டுக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரி குறைவு. லெபனானில் தொழிற்சட்டமே வீட்டு வேலையாளரைச் சேர்ப்பதில்லை. ஆனால் குவைத்தில் எங்கள் பெண் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டால் காட்டுவதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. வெள்ளவத்தையில் வந்தால்? இங்கே வீட்டு வேலையாளருக்கென்றே இருக்கும் பழைய சட்டம் 1871இல் ஆங்கிலேயர் போட்டது. அது அவர்களைப் பொலிஸில் பதிவு செய்வதைப் பற்றிப் பேசுகிறது, லீவைப் பற்றி அல்ல.

தெமட்டகொட: என் அம்மா கறுவாத்தோட்டத்தில் ஒரு வீட்டில் 20 வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். அந்த வீட்டார் நல்லவர்கள்தான். கடைசியில் முழங்கால் போனபோது பழைய தையல் மெஷினும் ஒரு மாதச் சம்பளமும் கொடுத்து அனுப்பினார்கள். பம்பலப்பிட்டி அக்கா, ஒரு இலட்சம் கேட்கிறார் என்றால் உடனே கொடுத்துவிடுங்கள்.

வத்தளை வாசகி: ஞாயிற்றுக்கிழமை வெளியே விட்டால் யாருடன் பழகுவார்கள், என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? பொறுப்பு எங்களுக்குத்தானே?

உங்கள் வீட்டில் வேலைக்கு நிற்பவருக்கு எத்தனை வயது?

வத்தளை வாசகி: 34.

அப்படியென்றால் பொறுப்பு அவருக்கு. இந்த விவாதம் போதும். பிறகு வந்த ஒன்பது பதில்களை ஒரே வரியில் சொல்கிறேன்: ஓய்வு நாள் என்றால் வீட்டிலேயே இருந்து மெதுவாக வேலை செய்யும் நாள் இல்லை. பம்பலப்பிட்டி அக்கா, நீங்கள் காசு கொடுக்கும்போது ஒரு கடதாசியில் எழுதி இரண்டு பேரும் ஒப்பம் வைத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவுக்கும் ஒரு பிரதி.

கொள்ளுப்பிட்டி: தோட்டத்திலிருந்து 15 வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்து படிக்கவும் வைத்து, சின்ன உதவிக்கு...

முடிக்க வேண்டாம். 16 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம், 2021இல் சட்டத்தைத் திருத்தி வயதை உயர்த்தினார்கள். அதே வருடம் ஜூலையில் டயகமவிலிருந்து வந்த சிறுமி கொழும்பு வீடொன்றில் தீக்காயத்தோடு இறந்ததை நாடு முழுக்கப் பேசியது. படிக்க வைக்க விருப்பமென்றால் அவள் வீட்டுக்குக் காசு அனுப்புங்கள். இப்படிப் பிள்ளைகள் வேலையில் இருப்பதைப் பார்க்கிறவர்கள் சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்குச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையில் வேலை செய்பவர் (மகள் எழுதுகிறார்): அம்மா வேலையை விட நினைக்கிறார். நோனா (வீட்டு எசமானி) அம்மாவின் அடையாள அட்டையை வைத்திருக்கிறார். விட்டுப்போனால் நகை காணவில்லை என்று பொலிஸில் கொடுப்பேன் என்றும் சொன்னாராம்.

அடையாள அட்டை அம்மாவுடையது, அதைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. முதலில் கேளுங்கள், வட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். தராவிட்டால் அந்த மெசேஜைக் காட்டி பொலிஸில் நீங்களே முதலில் ஒரு முறைப்பாடு போடுங்கள். முதலில் போனவருடைய கதை பதிவாகும், இரண்டாவதாகப் போனவர் பதில் சொல்பவர் ஆகிவிடுவார். புறப்படும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். பையை நோனா முன்னால் திறந்து காட்டிப் படம் எடுங்கள். சம்பள பாக்கி இருந்தால் எந்த மாதம், எவ்வளவு என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். எழுத்தில் இல்லாததை நிரூபிப்பது மிகவும் கஷ்டம். இதை நான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

கிராண்ட்பாஸ்: அக்கா சவூதியில். நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை, போனும் கொடுப்பதில்லை. நாங்கள் இங்கிருந்து என்ன செய்யலாம்?

குடும்பத்தாரே முறையிடலாம். பாஸ்போர்ட் பிரதி, ஒப்பந்தம், ஏஜென்சிக் கடிதம், கடைசியாகப் பேசிய திகதி, அக்காவின் முகவரி அல்லது கஃபீலின் (அங்கே அவருக்குப் பொறுப்பான எசமானரின்) தொலைபேசி இலக்கம், இவற்றோடு பத்தரமுல்லைக்குப் போங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். ஏஜென்சிக்கும் எழுத்தாகக் கொடுத்து ஒரு பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். ‘இரண்டு நாளில் பேசுகிறோம்’ என்பார்கள். சரி என்று சொல்லுங்கள், முத்திரையையும் வாங்குங்கள். அடுத்ததாக யாராவது போவதென்றால் இந்தக் கடதாசிகள் எல்லாவற்றையும் போகும் முன்பே படம் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும்.

மோதரை: விசிட் விசாவில் ஜோர்தான்...

இல்லை.

நாரஹேன்பிட்டி: வீட்டு வேலையாளர் சங்கம் அமைக்கலாமா? எத்தனை பேர் வேண்டும்?

அமைக்கலாம். தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி 7 பேர் போதும். நீங்கள் இருக்கும் இடத்திலேயே தொழில் திணைக்களம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

புறக்கோட்டை: கட்டார் கட்டட வேலையில் சம்பளம் தாமதம்.

என் துறை இல்லை, தம்பி. அங்கே சம்பளம் வங்கி வழியாகத்தான் போட வேண்டும். வங்கிப் பதிவையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு டோஹா தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவுக்குப் போங்கள்.

தெஹிவளை: ஐந்து மாதத்துக்கு முன்பு திடீரென்று நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். ஒப்பந்தம் எழுதவில்லை. வீட்டு வேலைக்குத்தான் சட்டமே இல்லை என்று மேலே எழுதியிருக்கிறீர்களே, இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். பணிக்கொடையும் சேமலாப நிதியும் குறைந்தபட்ச வேதனமும்தான் இல்லை. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் தொழிலாளி என்பதன் வரைவிலக்கணம் அகலமானது. வாய்மொழி ஒப்பந்தமும் அதற்குள் வரும். தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்கலாம், ஆனால் வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள். உங்களுக்கு மிச்சம் ஒரு மாதம்கூட இல்லாமல் இருக்கலாம். சட்டத்தரணிக்குக் காசு இல்லாவிட்டால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அடையாள அட்டை, சம்பளம் வந்த வங்கிப் புத்தகம் அல்லது ஈசி கேஷ் மெசேஜ், அந்த வீட்டில் உங்களைப் பார்த்த ஒருவரின் பெயர், இவற்றோடு நாளைக்குக் காலையே போங்கள். வேலை நிறுத்திய திகதி சரியாக நினைவில்லை என்றால் அந்த வாரம் யாருக்காவது எடுத்த கோல் போனில் இருக்கும், தேடிப் பாருங்கள்.